போளை ஓடிய பக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் கட்டிலின் ஏதாவது ஒரு காலுக்குக் கீழே ஒரு துண்டு இருக்கும். ஓட்டுச் சில்லு, பலகைத் துண்டு, நாலாக மடித்த தகரம், இப்படி ஏதாவது. அலுமாரிக்கும் அப்படித்தான். கதவு தானாகத் திறந்துகொண்டால் ஒரு கல்லை முட்டுக் கொடுப்போம். தானாகச் சாத்திக்கொண்டால் ஒரு கயிறு போட்டு இழுத்துக் கட்டுவோம். ஏன் இப்படி என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. லயம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். நான் பிறந்ததே அந்த லயத்தில்தான். எனக்கு வேறு எப்படித் தெரியும்?

ஹட்டனிலிருந்து வருகிற பஸ் பாலத்தடியில் நிற்கும். அங்கே இறங்கித் தேயிலைக்கு நடுவே படி ஏறினால் முதலில் பள்ளிக்கூடம், அதற்கு மேலே லயம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். முன்னால் எல்லா வீட்டுக்கும் பொதுவாக நீளமான இஸ்தோப்பு, தூண் வைத்த தாழ்வாரம். பின்னால் மலை செங்குத்தாக ஏறிப் போகிறது. வரிசையின் நடுவில் ஒரு காம்பரா பூட்டிக் கிடந்தது. அதற்கு இடது பக்கத்துக் காம்பராவில் நான் தனியாக இருந்தேன்.

பூட்டிக் கிடந்த வீட்டில் இருந்தவள் என் கூட்டாளி. உறவு எதுவும் கிடையாது. ஒருவரை ஒருவர் மதினி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். மலையில் கொழுந்து எடுக்கும்போது அவள் நிரைக்குப் பக்கத்து நிரை என்னுடையது. எனக்கு வாய் கிடையாது. யாராவது நாலு பேர் சேர்ந்து நின்றால் அந்த வழியே போக மாட்டேன், சுற்றிப் போவேன். கணக்கப்பிள்ளை என் கொழுந்தில் ஈரம் என்று சொல்லி நிறையைக் குறைத்தால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். மதினிதான் முன்னால் வருவாள்.

"ஏங்க, இவ ஊமைன்னா நான் செவிடா? எனக்கு நீங்க சொன்னது நல்லாக் கேட்டுச்சு. திருப்பி நிறுங்க" என்பாள்.

வேலை முடிந்து வந்தால் யார் முதலில் தேத்தண்ணி ஊற்றுகிறார்களோ, அவர்கள் அகப்பைக் காம்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவோம். அடுத்தவள் இரண்டு தட்டி, வருகிறேன் என்று பதில் சொல்லுவாள். எத்தனையோ வருஷம் அப்படித்தான் நடந்தது.

ஒரு மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று அவளை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போகும்போது தன்னுடைய மட்டக்கம்பை என் வீட்டு மூலையில் சாத்திவிட்டு, "வந்து எடுத்துக்கிறேன் மதினி" என்றாள். மட்டக்கம்பு என்பது கொழுந்து எடுக்கும்போது செடியின் தலையில் குறுக்கே வைக்கிற மெல்லிய கம்பு. அதற்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற கொழுந்தை மட்டும் கிள்ளுவோம். அப்போதுதான் செடி மேடு பள்ளம் இல்லாமல் ஒரே மட்டமாக இருக்கும்.

அவள் உயிரோடு திரும்பி வரவில்லை. வெளியில் போன உயிரை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்பது எங்கள் பழக்கம். பெட்டியை இஸ்தோப்பில் வைத்தார்கள். அங்கேயே மாலை போட்டு, அங்கேயிருந்தே தூக்கிப் போனார்கள். தன் வீட்டு வாசற்படியை அவள் தாண்டவே இல்லை. அவள் மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். பனி இறங்கி இஸ்தோப்புத் தூண்களை மூடிக்கொண்டு வந்தது. நான் அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கினேன். சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. டொக், டொக்.

கேத்தலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். எலியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே நேரம் கேட்டது. பிறகு சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. மழை பெய்த நாட்களில் கட்டாயம் கேட்கும். ஒரு நாள் என்ன நினைத்தேனோ, அகப்பையை எடுத்து இரண்டு தட்டினேன். சுவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு டொக், டொக் என்று பதில் வந்தது.

பயந்தேன் என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மை இல்லை. தேத்தண்ணியை இரண்டு கோப்பையில் ஊற்றினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் லயத்தில் மற்றவர்களுக்கும் ஏதோ கேட்டிருக்கிறது. பெண்கள் அந்தக் கதவைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் ஓடியே தாண்டுவார்கள். உள்ளே விடாமல் தூக்கிப் போனதால் அவள் வீட்டைத் தேடி வந்துவிட்டாள் என்று பேச்சு.

முழங்கால் விட்டுப்போனதால் மலை வேலையை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிற வேலை கிடைத்தது. சமையல் கொட்டிலுக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. பலகைக்குப் பலகை இடைவெளி. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், அதனால் அந்த இடைவெளி எனக்கு வசதியாக இருந்தது. பருப்புக் கழுவிக்கொண்டே பாடம் கேட்கலாம், யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள்.

போன வருஷம் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஹட்டனில் ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து போவார். முதல் மாதம் பாவம், தொண்டை கிழியப் படிப்பித்தார். புத்தகத்தில் ஒரு கணக்கு: ஒருவர் தோட்டத்தில் மாமரம், அதில் இத்தனை பழம், மூன்று பேருக்குப் பங்கு. எங்கள் பிள்ளைகள் மாமரத்தையே பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் வரவே மாட்டார்கள்.

ஒரு நாள் மழை. கரும்பலகைக்கு மேலே ஒழுகி, எழுதியதெல்லாம் கரைந்தது. டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார்.

"இந்தத் தண்ணி எங்கயிருந்து வருது எண்டு கண்டுபிடிப்பம்" என்றார்.

"மேல ஓட்டை இருக்கும் டீச்சர்" என்றார்கள் பிள்ளைகள்.

"மேலயோ? நேர மேலயோ? எப்பிடித் தெரியும்?"

"டீச்சருக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாது. அதுதான் உங்களைக் கேக்கிறன்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தெரியாது என்று சொன்ன டீச்சரை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. மேசை மேல் ஏறினார்கள். வெளியே ஓடி நனைந்துகொண்டு கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் ஓட்டை கூரையின் மறு முனையில் இருந்தது. தண்ணீர் கூரை மரத்தைப் பிடித்துக்கொண்டு வகுப்பு நீளத்துக்கும் ஓடி வந்து இங்கே விழுந்திருக்கிறது. கண்டுபிடித்தவள் ஒரு கட்டைச் சடைப் பிள்ளை. வாய் அதிகம்.

"தண்ணி வர்ற எடம் வேற, விழுவுற எடம் வேற டீச்சர். திருட்டுத் தண்ணி" என்றாள்.

அன்றைக்கு என் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் ஒரு கேள்வி. வராத பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பெரிய சார் ஒரு தரம் வாசலில் நின்று, "டீச்சர், புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கூரையா வரப்போகுது?" என்று கேட்டார். "வந்தாலும் வரும் சேர்" என்றார் டீச்சர். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த வாரம் ஒரு பையன் முறையிட்டான். "டீச்சர், எங்க வீட்டுல போளை வெளாட முடியல. வச்சா நிக்குதில்ல. தானா ஓடிருது."

"எந்தப் பக்கம்?"

அவனுக்குத் தெரியவில்லை. மற்ற பிள்ளைகளும் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள். டீச்சர் ஆளுக்கொரு போளையை, உருட்டி விளையாடுகிற கண்ணாடிக் குண்டை, கொடுத்து, வீட்டில் நடுத்தரையில் வைத்து, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வரச் சொன்னார். சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். வெடிப்பு ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எப்படித் தெரியும்? தீபாவளிக்கு முன்னால் எல்லா வீட்டிலும் வெடிப்பில் மண்ணை அப்பிச் சுண்ணாம்பு அடிப்போம். பண்டிகைக்குச் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும். வருஷா வருஷம் லயம் புதிதாகத் தெரியும்.

மறுநாள் டீச்சர் கரும்பலகையில் ஒரு நீளமான பெட்டி வரைந்தார். அதை வீடு வீடாகப் பிரித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போய்த் தங்கள் வீட்டில் போளை ஓடிய பக்கம் ஒரு அம்புக்குறி போட்டார்கள். முதலில் சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக இருந்தது. அம்புக்குறி கூடக் கூடச் சத்தம் குறைந்தது. கடைசிப் பிள்ளை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது, அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம்தான் கேட்டது.

பலகை இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். லயத்தின் இடது பாதியில் எல்லா அம்பும் வலது பக்கம் பார்த்தது. வலது பாதியில் எல்லா அம்பும் இடது பக்கம் பார்த்தது. நடுவில் இரண்டு பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. ஒன்று பூட்டிய வீடு, மற்றது என் வீடு.

"அங்க ஆர் இருக்கிறது?" என்று டீச்சர் பூட்டிய வீட்டைத் தொட்டுக் கேட்டார்.

கட்டைச் சடைதான் மெதுவாகச் சொன்னாள். "செத்தவங்க டீச்சர்."

அன்று பாடம் விட்டதும் டீச்சர் பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது, உட்காரச் சொல்லக்கூட வாய் வரவில்லை. கட்டைச் சடை நடுத்தரையில் போளையை வைத்தாள். எல்லோரும் பூட்டிய வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். போளை கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றது. பிறகு அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடியது. திரும்ப வைத்தாள். திரும்பவும் எதிர்ப்பக்கம்தான்.

மறுநாள் கரும்பலகையில் என் வீட்டு அம்பைக் காட்டி ஒரு பையன், "டீச்சர், அந்த ஒன்ன மட்டும் அழிச்சிருவோம். அது பொருந்தல" என்றான்.

"பொருந்தாததை அழிக்கக் கூடாது" என்றார் டீச்சர். "அதுதான் எங்களுக்கு ஏதோ சொல்லப் பாக்குது. ஏன் அது மட்டும் மாறி ஓடுது? நினைக்கிறதைச் சொல்லுங்கோ. எல்லாத்தையும் எழுதுவம். பிறகு ஒவ்வொண்டாச் சோதிப்பம்."

பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதினார். போளை சரியான உருண்டை இல்லை. சமையலம்மா வீட்டுத் தரை மற்ற வீடு மாதிரி சீமெந்து இல்லை, மண் தரை. சமையலம்மா சாமி கும்பிடுகிறவர், அதனால் பேய் கிட்ட வராது. கட்டைச் சடை கடைசியாக எழுந்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் கூட்டாளிங்க டீச்சர். அதான் மத்தவங்களையெல்லாம் இழுக்குறவங்க இவங்களை மட்டும் தள்ளிவிடுறாங்க. இங்க இருக்காத, போயிருன்னு."

டீச்சர் அதையும் எழுதினார். நான் அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு வெளியே போய் விறகுக் குவியல் மேல் உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் இருப்பார்களா? அன்று சாயந்தரம் மலையிலிருந்து வந்தவர்கள் கூடையைக்கூட இறக்கவில்லை. மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போன நான் திரும்பி வரும்போது எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் தரையில் முழந்தாள் போட்டுக் குனிந்திருந்தார்கள். போளை கிடைக்காதவர்கள் எலுமிச்சம்பழத்தை உருட்டினார்கள், வெங்காயத்தை உருட்டினார்கள். தரையில் உருளுகிற சத்தமும், உருண்டது போய்ச் சுவரில் முட்டுகிற சத்தமும் மட்டும் வீடு வீடாகக் கேட்டது. நான் தண்ணீர்க் குடத்தோடு அந்த நீளம் முழுக்க நடந்து வந்தேன்.

அன்றிரவே தோட்டத்துத் தலைவர் வீட்டில் கூட்டம். அவர் நல்ல மனிதர், சங்கத்தில் ஆள், குரல் கொஞ்சம் பெரிது. அவள்தான் இழுக்கிறாள் என்று முடிவாகிவிட்டது. பூசாரியைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமை பூசை போட்டு, அவள் வீட்டு நிலைக்காலில் ஆணி அடித்துக் கட்டிவிடுவது.

பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள்தான் என்றால் அவளை ஆணியில் கட்டுவார்கள். என் வாய்க்காக எத்தனை பேரோடு சண்டை போட்டவள். பேய் என்று பேர் வாங்கி, தன் வீட்டு வாசலிலேயே அடைபட்டுக் கிடப்பாள். அவள் இல்லை என்றால் மண். அப்படியானால் லயத்தையே விட்டுப் போக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கிடைக்கிற அந்த இரண்டு தட்டும் போய்விடும். எது நடந்தாலும் நஷ்டம் எனக்குத்தான். வீட்டை விட்டுப் போக மனமில்லாமல், அவளாகவே இருக்கட்டும் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். கூரையில் மழை பிடிக்கத் தொடங்கியது. சுவரில் சத்தம் கேட்டது. நான் பதில் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் பிள்ளைகளை மறுபடி என் வீட்டுக்குக் கூட்டி வந்தார். மண் தரை என்று எழுதியதைச் சோதிக்கிற முறை அன்றைக்கு.

"உங்கட நிலத்தை எப்பிடி மெழுகுறனீங்கள் அம்மா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, மாரியம்மன் திருவிழாவுக்கு, எல்லாவற்றுக்கும் செம்மண்ணும் சாணமும் குழைத்து மெழுகுவேன். அந்தச் சுவரோரம் மட்டும் எப்போதும் உள்வாங்கினாற்போல இருக்கும். அங்கே இரண்டு கை மண் கூடப் போட்டு மேடாக்கிவிடுவேன். அடுத்த பண்டிகைக்குப் பார்த்தால் திரும்ப இறங்கியிருக்கும். திரும்பவும் போடுவேன்.

சொல்லிக்கொண்டு வரும்போதே டீச்சரின் முகம் மாறியது. கட்டைச் சடை என் முகத்தைப் பார்த்து, டீச்சர் முகத்தைப் பார்த்து, "அப்ப இது சமையலம்மா கட்டின மேடு" என்றாள். "அடியில பள்ளம் இருக்கு."

ஆழத்தைப் பார்க்க ஒரு கம்பு வேண்டும் என்றார் டீச்சர். மூலையில் மதினியின் மட்டக்கம்புதான் சாத்தியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சுவரோரத்தில் டீச்சர் குத்தினார். மேல் மண் இறுக்கமாக இருந்தது. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை நான் மெழுகிய படைகள், சிவப்பு, கருப்பு, சிவப்பு என்று தோசை அடுக்கின மாதிரித் தெரிந்தது. அதற்குக் கீழே கம்பு லேசாக இறங்கியது. டீச்சர் சட்டென்று கையை நிறுத்தினார். ஓட்டை வழியாகக் காற்று வந்தது. குளிர்ந்த காற்று, ஈரமண் வாடை. என் காலில் பட்டது. யாரோ கீழேயிருந்து மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

"பிள்ளையள், எல்லாரும் வெளியில போங்கோ. ஓடாதேங்கோ, மெல்லப் போங்கோ" என்றார் டீச்சர்.

அவர் தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் பூசைச் சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்க யாழ்ப்பாணம். மலையப் பத்தி எங்களுக்கா பாடம்? எங்க தாத்தா காலத்து லயம் இது. ஒரு கல்லு அசையல."

"அசைஞ்சிருக்கு ஐயா. நீங்கள் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சுப்போட்டியள்."

"சுண்ணாம்பு அடிச்சா குத்தமா? அடுத்து வாசல்ல கோலம் போட்டாலும் மலை சரியும்பீங்க போல" என்றார். ஆண்கள் சிரித்தார்கள். டீச்சர் வாயை மூடிக்கொண்டார். அவர் வெளியூர், என்ன செய்வார்?

மத்தியானத்துக்குப் பிறகு பனி இறங்கியது. இஸ்தோப்பில் லயமே கூடிவிட்டது. பூசாரி சூடம் கொளுத்தி, ஒரு எலுமிச்சம்பழத்துக்குக் குங்குமம் தடவி, கும்பிட்டுவிட்டுத் தரையில் வைத்தார். பழம் அசைந்தது. மெதுவாக உருண்டது. இஸ்தோப்பின் நீளத்தில், கூட்டத்தின் கால்களுக்கு நடுவே போனது. ஆட்கள் பாவாடையையும் சாரத்தையும் ஒதுக்கி வழி விட்டார்கள். பனிக்குள் போன பழத்தின் பின்னாலேயே எல்லோரும் நடந்தோம். அது பூட்டிய கதவின் முன்னால் வந்து நின்றது.

யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினாள். பூசாரி ஒன்றும் பேசாமல் ஆணியை எடுத்து நிலைக்காலில் வைத்தார். தலைவர் சுத்தியலை நீட்டினார்.

நான் கூட்டத்தின் கடைசியில் தூணோடு ஒட்டி நின்றேன். எப்படி முன்னால் வந்தேன் என்று தெரியாது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தலைவரே, கொஞ்சம் பொறுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். லயத்தில் பாதிப் பேருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

"என்ன அத்தை?" என்றார் தலைவர்.

"எங்க வீட்டுக்கு ஒருக்கா வாங்க. ஒரே ஒருக்கா. அப்புறமா அடிங்க."

அவர் எனக்காக இல்லை, ஆச்சரியத்துக்காகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். நான் மட்டக்கம்பை அவர் கையில் கொடுத்தேன். டீச்சர் போட்ட ஓட்டையைக் காட்டினேன். "எட்டி நின்னு குத்துங்க" என்றேன். அவர் வாசலில் நின்ற ஆட்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, எட்டி நின்றே ஓங்கிக் குத்தினார்.

கம்பு நிற்கவில்லை. அவர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது. தரை அதை விழுங்கிவிட்டது. கீழே போய் விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தோம். தலைவர், நான், வாசலில் நின்றவர்கள், எல்லோரும். எதுவும் கேட்கவில்லை. ரொம்பத் தூரத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தலைவர் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கித் தூக்கி வைத்து, பூனை மாதிரி வெளியே போனார். பூசாரி சுத்தியலை ஓங்கினார்.

"ஆணி வேணாம் சாமி" என்றார் தலைவர். "அடிச்சா அதிரும். எல்லாரும் சாமான எடுங்க. பள்ளிக்கூடத்துக்கு. பிள்ளைங்கள மொதல்ல."

இருட்டுவதற்குள் லயம் காலியானது. டீச்சர் அன்று பஸ்ஸை விட்டுவிட்டார். பிள்ளைகளை ஒரு வரிசையாக நிறுத்தி, கைக்குக் கை சாமான் கடத்தினார்கள். நான் கடைசியாகக் கேத்தலை எடுக்க வீட்டு வாசலுக்குப் போனேன். அடுப்பு வாசல் பக்கம்தான். எட்டி எடுத்தேன்.

அப்போது சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு இல்லை. விடாமல், ஒன்றின் மேல் ஒன்றாக, கையால் கதவை அடிக்கிற மாதிரி. அத்தனை வருஷத்தில் அது அப்படித் தட்டியதே இல்லை. நான் வேறு எதையும் எடுக்கவில்லை. கேத்தலோடு ஓடி வந்துவிட்டேன். என் முழங்காலுக்கு அது எப்படி முடிந்ததோ தெரியாது.

அடுத்தடுத்த நாட்களில் மழை விடவே இல்லை. ஒரு காலையில் பனி விலகியபோது லயத்தின் நடுப்பகுதி இல்லை. யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. இரண்டு பக்கத்து வீடுகளும் நடுவில் ஒரு பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரிச் சாய்ந்து நின்றன. மதினி வீட்டுச் சுவர், கூரை, தரை எல்லாம் போய், நிலையும் கதவும் மட்டும் பள்ளத்தின் விளிம்பில் நின்றன. பூட்டுத் தொங்கியது. அதற்குப் பின்னால் பனி.

மழை விட்டபின் ஆண்கள் மலையில் ஏறிப் பார்த்தார்கள். லயத்துக்கு மேலே தண்ணீர் வடிய வெட்டியிருந்த கான் மண் விழுந்து பல வருஷமாக அடைபட்டிருந்திருக்கிறது. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கி, எங்கள் காலுக்குக் கீழே வழி செய்துகொண்டிருக்கிறது. "வர்ற எடம் வேற, விழுவுற எடம் வேறன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று கட்டைச் சடை தலைவரிடமே சொன்னாள். தலைவர், "ஆமாம்மா, நீதான் பெரிய தொரை" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

சுவரில் சத்தம் கேட்கும் என்று பெண்கள் சொன்னதற்கும் டீச்சர் விளக்கம் சொன்னார். கீழே மண் கட்டி கட்டியாக உதிர்ந்து விழுந்திருக்கும், மழை நாளில் கூடுதலாக உதிரும் என்றார். சரியாகத்தான் இருக்கிறது. எனக்கும் விளங்கியது. கரும்பலகையில் எழுதியிருந்ததில் மண் தரை என்பதன் பக்கத்தில் சரி அடையாளம் போட்டார். போளை உருண்டை இல்லை என்பதை வெட்டினார். சாமி கும்பிடுகிறவர் என்பதையும் வெட்டினார். கட்டைச் சடை சொன்னதில் விரலை வைத்தார்.

"இதை எப்பிடிச் சோதிக்கிறது?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

அதை வெட்டாமல், சரியும் போடாமல் விட்டார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். நான் தட்டினால் பதில் வந்ததையும், கடைசி நாள் தட்டிய தட்டையும் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போதும் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் இருக்கிறோம். வீடு கட்ட இடம் பார்க்கிறார்கள் என்கிறார்கள். சேலையைக் கட்டி மறைத்து ஆளுக்கொரு மூலை பிரித்திருக்கிறோம். எனக்குச் சுவரோரம் கிடைத்தது. வந்த அன்றைக்கே பிள்ளைகள் நடுத்தரையில் போளையை வைத்துப் பார்த்தார்கள். அது வைத்த இடத்திலேயே நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விளையாடப் போய்விட்டார்கள்.

பொழுது சாயும்போது தேத்தண்ணி ஊற்றுகிறேன். கை தானாக அகப்பைக்குப் போகிறது. என் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் வீடு ஒன்றும் இல்லை, தேயிலைதான். தட்டிப் பார்க்க நான் துணியவில்லை. பதில் வராவிட்டாலும் என்னால் தாங்க முடியாது, வந்தாலும் முடியாது.